மேட்டில் ஏறிய வாய்க்கால்

என் அக்கா வீட்டுச் சுவரில் சிவப்புக் குறி போட்டவன் நான்தான்.

மாசி மாதக் கடைசி. சம்பா அறுத்த வயலில் விதைத்திருந்த உளுந்து காய்ந்து, செடியைப் பிடுங்கிக் கொண்டுவந்துவிட்டார்கள். அக்கா பெயர் வேம்பு. வாசலில் உட்கார்ந்து புடைத்துக்கொண்டிருந்தாள். தூசி வெயிலில் மிதந்தது. நான் பெயின்ட் டப்பாவும் பிரஷ்ஷுமாகப் போய் நின்றேன். சட்டைக்கு மேல் கம்பெனி கொடுத்த ஆரஞ்சு நிற மேலுடுப்பு.

எதற்கு வந்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். தெருமுனையிலிருந்து வீடு வீடாகப் போட்டுக்கொண்டு வருகிறேன். ஒரு பெருக்கல் குறி, அதன் கீழே ஓர் எண். ரயில் நிலத்துக்குள் இருக்கும் வீடு, இடிக்க வேண்டியது என்று அர்த்தம்.

அவள் முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"கோணலாப் போடாதடா. போற வீடா இருந்தாலும் பாக்க லட்சணமா இருக்கட்டும்" என்றாள்.

மண் சுவர். பிரஷ் பட்டதும் மண் உதிர்ந்து பெயின்ட்டோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஒரே குறியை இரண்டு முறை பூச வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி, எங்கள் தெருவுக்கு முதன்முதலாகப் பெயின்ட் அடித்த மகராசன் என்று என்னைச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இந்த வேலைக்கு நான் ஏன் ஒத்துக்கொண்டேன் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். தினக்கூலி வேலை. நான் போடாவிட்டால் வேறொருவன் போடுவான். அக்காவே அப்படித்தான் சொன்னாள். முகம் தெரியாதவன் வந்து கிறுக்கிவிட்டுப் போவதற்கு நீயே போட்டுவிடு என்றாள்.

முள்ளில் விழுந்து படித்தது

எட்டாம் வகுப்பைத் தாண்டாத நான் ரயில்வே வரைபடம் பார்ப்பேன் என்று இந்தத் தொடரில் முன்பு ஒரு வாரம் எழுதியிருந்தேன். நம்ப முடியவில்லை என்று ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார். அவருக்காக இது.

சூரத்தில் சாயப்பட்டறையை விட்ட பிறகு ஒடிசா பக்கம் ஒரு ரயில் பாதை வேலைக்குப் போனேன். சர்வே குழுவுக்கு முன்னால் புதர் வெட்டிக்கொண்டு போகிற வேலை. இஞ்சினியர்கள் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, இங்கே ஒன்று இருக்க வேண்டும், போய்த் தேடு என்பார்கள். என்ன இருக்கும் என்று சொல்ல மாட்டார்கள். அவர்களுக்கும் தெரியாது.

படத்தில் ஒரு சின்ன வட்டம் இருக்கும். தேடிப் போனால் கிணறு. இன்னொரு இடத்தில் இன்னொரு வட்டம். தேடிப் போனால் புளியமரம். சில தடவை முள்ளில் விழுந்து எழுந்த பிறகு, எந்த வட்டம் கிணறு, எந்த வட்டம் மரம் என்று தானாகத் தெரிந்துவிட்டது. ஒருமுறை மரம் என்று நினைத்து நடந்து போய்ப் பாழுங்கிணற்றில் காலை விட்டேன். வேர் ஒன்று கையில் சிக்கியதால் இன்று இதை எழுதுகிறேன்.

நீளக் கோடும் புள்ளியும் மாறி மாறி வந்தால் ரயில் நிலத்தின் எல்லை. கம்பளிப்பூச்சியின் மயிர் மாதிரி குட்டிக் குட்டிக் கோடுகள் வரிசையாக வந்தால் சரிவு. அந்தக் கோடு தடிமனாகத் தொடங்கும் இடம் மேடு, மெலிந்து முடியும் இடம் பள்ளம். மயிர் பாதையிலிருந்து வெளியே விரிந்தால் கரை. ஒரு கட்டத்துக்குள் நான்கு பக்கமும் உள்நோக்கி இருந்தால் மண் வெட்டிய குழி.

சுருக்கெழுத்துகளும் அப்படித்தான். பி.எம். என்று இருந்தால் அந்த இடத்தில் ஏதாவது ஒரு கல்லில் உயரக் குறி செதுக்கியிருக்கும். பி.எஸ். என்றால் எல்லைக் கல். எல்.சி. என்றால் கேட். ஹெச்.எஃப்.எல். என்றால் வெள்ளம் ஏறி நின்ற உச்ச மட்டம். அந்த மூன்று எழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் அங்கே யார் வீடு மிதந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

இவ்வளவுதான் என் படிப்பு. இதை வைத்துக்கொண்டு நான் கொஞ்சம் மிதப்பாகத் திரிந்ததும் உண்மை.

ரயிலுக்கு மிஞ்சின இடம்

எங்கள் ஊர் மன்னார்குடியிலிருந்து ஒரு மினி பஸ் தூரம். ஊருக்கு நடுவே கிழக்கு மேற்காக ஒரு பழைய ரயில் கரை போகிறது. நான் சின்னப் பையனாக இருக்கும்போதே வண்டி நின்றுவிட்டது. பிறகு தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். கரை மட்டும் கருவை முள் மண்டிக் கிடந்தது.

கரைக்கு வடக்கே எங்கள் தெரு. கரைக்குத் தெற்கே பண்ணை வீட்டாரின் தென்னந்தோப்பு. இப்போது அந்தத் தோப்பில் பாதியை அழித்துக் கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறார்கள். எங்கள் தெருவில் பிறந்த எல்லோரும் அந்தப் பண்ணையில் நடவு நட்டவர்கள், அறுத்தவர்கள், அல்லது அவர்களுடைய பிள்ளைகள்.

தண்டவாளம் எடுக்க வந்த காண்ட்ராக்டரின் ஆள் ஒரு வரைபடத் தாள் கொண்டுவந்திருந்தார். பழைய கேட் பக்கத்தில் அதை விரித்துப் பண்ணையின் கணக்குப்பிள்ளை ஊருக்கே படித்துச் சொன்னார். புல வரைபடம் பார்ப்பதில் அந்த வட்டாரத்திலேயே அவரை மிஞ்ச ஆளில்லை. கையோடு கிராமத்துப் புலப் படத்தையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துப் பொருத்திக் காட்டினார். என் அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றதும், அந்தத் தாளிலிருந்து மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாசனை வந்ததும் எனக்கு நினைவிருக்கிறது.

தாளில் ரயில் பாதை நடுவே ஒரு கோடாகப் போனது. கோட்டுக்கு மேல் பக்கம் ரயில் நிலம் அகலமாக இருந்தது. கீழ்ப் பக்கம் ஒடுக்கமாக இருந்தது. மேல் பக்கம்தானே வடக்கு. ஆகவே வடக்கில் உள்ள எங்கள் தெரு முழுக்க ரயில் நிலத்தில் இருக்கிறது, தெற்கே தோப்பு தப்பியது என்றார். யாரும் மறுக்கவில்லை. ரயில்காரன் திரும்பி வருகிற வரைக்கும் இருந்துகொள்ளுங்கள் என்று பெருந்தன்மையாகச் சொன்னார்.

அதற்குப் பிறகு எங்கள் தெரு விருந்தாளி மாதிரி வாழ்ந்தது.

அரசாங்கம் தொகுப்பு வீடு கொடுத்தபோது அடுத்த ஊர்த் தெருவுக்குக் கிடைத்தது. எங்களுக்கு இல்லை. இடம் ரயிலுடையது என்று எழுதிவிட்டார்கள். எழுதச் சொன்னதும் நாங்கள்தான். அதிகாரி கேட்டபோது, ஆமாங்க, ரயில் இடந்தாங்க என்று தெருவே சேர்ந்து சொன்னது. கரண்டு வாங்கவே எத்தனையோ முறை அலைந்தோம். யாரும் அடித்தளம் தோண்டவில்லை. மண்ணைக் குழைத்துச் சுவர் வைத்து, மேலே கீற்று போட்டுக்கொண்டோம். ஒவ்வொரு புயலுக்கும் கீற்று போகும். மறுபடி போடுவோம்.

அக்கா வீட்டுக்காரரை நான் மாமா என்பேன். குத்தாலம் பக்கத்தில் செங்கல் காளவாயில் வேலை செய்தவர். கூலிக்குப் பதிலாக ஒரு டிராக்டர் செங்கல் கொண்டுவந்து வாசலில் இறக்கினார். ஒரு அறையாவது கட்ட வேண்டும் என்று அவருக்கு ஆசை. கொஞ்ச நாள் அடுக்கி வைத்திருந்து பிறகு விற்றுவிட்டார்கள். இடிக்கப் போகிற இடத்தில் எதற்கு என்று.

அடுத்த ஐப்பசியில் அடைமழை. விடியற்காலையில் மேலண்டைச் சுவர் ஊறி உள்பக்கமாகச் சாய்ந்தது. மாமா அதன் அடியில் படுத்திருந்தார். அக்கா அடுப்பு மூட்ட எழுந்து போயிருந்தாள். நான் அப்போது ஊரில் இல்லை. தகவல் கிடைத்து நான் வந்து சேர்ந்தபோது அதே மண்ணைக் குழைத்து அதே இடத்தில் சுவர் வைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் குழைத்துக் கொடுத்தேன்.

இதையெல்லாம் அழுவதற்காகச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் அடைமழைக்கு இப்படிச் சாகிறவர்கள் உண்டு.

கம்ப்யூட்டரில் வந்த பழைய தாள்

இப்போது மறுபடியும் பாதை போடலாமா என்று பார்க்க ஒரு தனியார் கம்பெனி சர்வேக்கு வந்தது. நான் அப்போதுதான் கோவாவில் ஒரு படகுத்துறை வேலையை விட்டுவிட்டு வந்திருந்தேன். ஹெல்பராகச் சேர்ந்துகொண்டேன்.

குழுவுக்குத் தலைமை நஸீமா என்கிற பெண். முத்துப்பேட்டைப் பக்கம். அப்பா வளைகுடாவில் இருந்து சம்பாதித்துப் படிக்க வைத்திருக்கிறார். தலையில் துப்பட்டாவை இறுக்கிக் கட்டி, அதன் மேல் தொப்பி வைத்துக்கொண்டு வெயிலில் நிற்பாள். நான் அவளை மேடம் என்பேன். அவள் என்னை அண்ணே என்பாள்.

வேலை தொடங்கும்போது பழைய வரைபடம் கைக்கு வரவில்லை. ஊரில் விசாரித்து, ரயில் நிலத்தில் இருக்கிற வீடுகளுக்குக் குறி போட்டு வையுங்கள், பிறகு சரிபார்த்துக்கொள்ளலாம் என்று மேலிடத்தில் சொன்னார்கள். விசாரித்தோம். எங்கள் தெரு தானே முன்வந்து சொன்னது. குறி போட்டேன்.

பண்ணை வீட்டுச் சின்னவர் எங்கள் குழுவுக்கு அடிக்கடி இளநீர் கொடுத்து அனுப்புவார். கெட்ட மனிதர் இல்லை. மண்டப வாசலில் நின்று என்னைப் பார்த்து, "ஏன்டா, ஊரெல்லாம் சுத்திட்டுக் கடைசியில உன் தெருவையே இடிக்க வந்தியா? இதுக்கு நீ கோவாவுலயே கெடந்திருக்கலாம்" என்றார். இளநீரை வாங்கிக் குடித்தேன்.

ஒரு வாரம் கழித்து பழைய வரைபடம் வந்தது. எங்கிருந்தோ எடுத்து ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தார்கள். மன்னார்குடியில் ஒரு பிளக்ஸ் போர்டு கடையில் கொடுத்து எங்கள் ஊர் வருகிற தாளை மட்டும் பெரிதாக அச்செடுத்துக்கொண்டு வந்தாள் நஸீமா.

மத்தியானம். கோரை வாய்க்கால் மதகுக்குப் பக்கத்தில் பூவரசு நிழல். தாளைத் தரையில் விரித்து நான்கு மூலைக்கும் சாப்பாட்டு டப்பாக்களை வைத்தோம். அவள் மீன் குழம்புச் சோற்றைப் பிசைந்துகொண்டே பார்த்தாள். நான் குனிந்து ஒவ்வொரு குறியாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். இது கரை, இது மதகு, இது கிணறு, இது மண் வெட்டிய குழி.

கணக்குப்பிள்ளை விரித்துக் காட்டியது இதே படம்தான். மேல் பக்கம் அகலம். கீழ்ப் பக்கம் ஒடுக்கம். கீழே எல்லைக் கோட்டுக்கு வெளியே குட்டிக் குட்டிச் சதுரங்கள், ஒரு கிணற்று வட்டம், அதன் அருகே சில எழுத்துகள். அந்தச் சதுரங்கள் பண்ணையின் மாட்டுக் கொட்டகைகள் என்று அன்றைக்கே அவர் சொல்லியிருந்தார்.

அப்போதுதான் மதகின் மேல் ஓர் அம்புக்குறியைப் பார்த்தேன். தண்ணீர் ஓடும் திசையைக் காட்டும் குறி. அம்பு கீழிருந்து மேலே போனது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்களுக்கு வடக்கே ஆறு. ஆற்றிலிருந்து பிரிந்து கோரை வாய்க்கால் தெற்கே பாயும். எங்கள் ஊரில் நடக்கப் பழகிய குழந்தைக்கும் அது தெரியும். படம் போட்டவன் அதைத் தெற்கிலிருந்து வடக்கே ஏற்றியிருக்கிறான்.

"வெள்ளைக்காரனுக்கு எல்லாம் தெரியும்னு சொல்வாங்க மேடம். பாருங்க, வாய்க்காலை மேட்டுல ஏத்தி வச்சிருக்கான்" என்றேன்.

அவள் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"அவன் சரியாத்தான் போட்டிருக்கான் அண்ணே. நீங்கதான் தலைகீழாப் பாக்குறீங்க. வடக்கு கீழ இருக்கு."

தாளின் ஓரத்தில் இன்னோர் அம்பு இருந்தது. மெல்லிய கோடு, நுனியில் ஓர் எழுத்து. அது கீழ்நோக்கி இருந்தது. அந்த அம்பை நான் ஓர் அலங்காரம் என்று நினைத்திருந்தேன். ஒடிசாவில் தாளைத் திசைக்குத் திருப்பி வைப்பது இஞ்சினியர்களின் வேலை.

அவள் விவரமாகச் சொன்னாள். ரயில் வரைபடத்தில் பாதை எங்கே தொடங்குகிறதோ அது எப்போதும் இடது கைப் பக்கம். மைல் கணக்கு இடமிருந்து வலமாகக் கூடிக்கொண்டு போகும். திசையைப் பற்றி அவர்களுக்குக் கவலையில்லை. பாதை எப்படி வளைந்தாலும் தாளில் படுக்கையாகப் போட்டுவிட்டு, வடக்கு எந்தப் பக்கம் என்று அம்பு மட்டும் போடுவார்கள். எங்கள் பாதை கிழக்கே ஜங்ஷனில் தொடங்கி மேற்கே வருகிறது. ஆகவே இந்தத் தாளில் இடது பக்கம் கிழக்கு. மேல் பக்கம் தெற்கு.

கருவையில் சில்வண்டு கத்திக்கொண்டிருந்தது. அது மட்டும் கேட்டது.

இலையிலும் திசை

எங்கள் ஊரில் யாரும் இடது வலது சொல்ல மாட்டார்கள். பந்தியில் உட்கார்ந்தால் கொஞ்சம் கிழக்கால தள்ளி உட்காரு என்பார்கள். இலையில் உப்பு வைக்கிறவன்கூட வடக்கு ஓரத்தில் வைப்பான். வைத்தியரிடம் போன ஒரு பெரியவர், தெற்கத்திப் பல் வலிக்கிறது என்று சொல்ல, எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தபோது வலித்தது என்று வைத்தியர் விசாரிக்கும்படி ஆனது.

நிலமும் தண்ணீரும்தான் பிழைப்பு என்பதால் புல வரைபடம் பார்க்காத ஆளே அங்கே குறைவு. பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு, பட்டா மாற்றம், எல்லாவற்றுக்கும் அந்தப் படத்தைத்தான் விரிப்பார்கள். எங்கள் பக்கத்துப் படங்களில் வடக்கு எப்போதும் மேலே. அதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. வானம் மேலே இருக்கிற மாதிரி அதுவும் மேலே.

கணக்குப்பிள்ளை வேண்டுமென்றே செய்தாரா என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முழு ஊரும் சேர்ந்து பார்த்தது. என் அப்பாவும் பார்த்தார். நானும் அந்தப் பூவரசு நிழலில் அப்படியேதான் பார்த்தேன். நிலப்படம் தெரியாத ஊராக இருந்திருந்தால், யாராவது ஒருவன் அந்த அம்பு என்ன என்று கேட்டிருப்பான்.

வஞ்சம் என்று இருந்தால் கோபப்பட ஓர் ஆள் கிடைத்திருப்பான்.

கருவைக்குள் கல்

நஸீமா கையைக் கழுவிக்கொண்டு வந்து தாளை எடுத்து அப்படியே மேல் கீழாகத் திருப்பிப் போட்டாள். அவ்வளவுதான். எல்லாம் பொருந்திவிட்டது.

வாய்க்கால் வடக்கிலிருந்து தெற்கே இறங்கியது. அகலமான ரயில் நிலம் கரைக்குத் தெற்கே போனது. மண் வெட்டிய குழிகள் தென்னந்தோப்பில் விழுந்தன. அந்தத் தோப்பில் முன்பு குட்டை இருந்தது, பண்ணையார் வண்டி வண்டியாக மண்ணடித்துத் தூர்த்தார் என்று எங்கள் தெருவில் எல்லோரும் சொல்வார்கள். தூர்த்தவர்களே எங்கள் ஆட்கள்தான். கார்த்திகை முகூர்த்தத்துக்கு மண்டபத்தில் தரை கசிந்து, பந்திக்குச் சாக்கு விரிப்பது ஊருக்கே வேடிக்கை.

வடக்கே எல்லைக் கோடு கரையை ஒட்டியே போனது.

"பி.எஸ். ஒண்ணு காட்டுது அண்ணே. கல்லு இருந்தா முடிஞ்சுது" என்றாள்.

எனக்குத் தேட வேண்டிய அவசியமே இல்லை. அந்தக் கல் எங்கே இருக்கிறது என்று என் தெருவில் பிறந்த எவனுக்கும் தெரியும். கரையடியில் நாங்கள் வெளிக்குப் போகிற இடம். உட்கார்ந்து எழுந்தால் பிடித்துக்கொள்ள வசதியான கல். கணக்குப்பிள்ளையிடம் அப்பா அப்போதே அதைக் கேட்டிருந்தார். அது ரயில் நிலத்துக்கு நடுவே நட்ட கல், உண்மையான எல்லை உங்கள் தெருவுக்குப் பின்னால் போகிறது என்று அவர் சொல்லிவிட்டார். நாங்களும் அந்தக் கல்லைப் பிடித்துக்கொண்டு காலம் தள்ளினோம்.

அரிவாளால் கருவையை வெட்டிக்கொண்டு உள்ளே போனேன். முள் நன்றாகவே கீறியது. கல் நிமிர்ந்து நின்றது. பாசியைச் சுரண்டினால் எழுத்து வந்தது. நஸீமா மதகிலிருந்து டேப் பிடித்து அளந்தாள். தாளில் சொன்ன இடத்தில் அது நின்றது. அங்கிருந்து எங்கள் தெரு தள்ளி இருந்தது. கல்லுக்கும் முதல் வீட்டுக்கும் நடுவில் ஒரு மாட்டு வண்டி திரும்பலாம்.

அப்புறம் அந்தச் சதுரங்களைப் பற்றிக் கேட்டேன். எல்லைக்கு வெளியே, கீழ்ப் பக்கம் இருந்த குட்டிச் சதுரங்கள். திருப்பிப் போட்ட தாளில் அவை எங்கள் தெரு நிற்கிற இடத்தில் இருந்தன. கிணற்று வட்டம் எங்கள் பொதுக் கிணறு. அப்படியானால் தண்டவாளம் போடுவதற்கு முன்பே எங்கள் தெரு அங்கே இருந்திருக்கிறது. ரயிலுக்கு மிஞ்சிய இடத்தில் நாங்கள் ஒண்டவில்லை. நாங்கள் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் ரயில் வந்திருக்கிறது.

சதுரங்களுக்கு அருகே நான்கு எழுத்துகள். முதலில் ஒரு 'பி', ஒரு புள்ளி. பிறகு சி, ஹெச், ஒய்.

"இது என்ன மேடம்?"

அவள் தெரியாதது போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுபடி கேட்டேன்.

"பழைய பேருண்ணே. அந்தக் காலத்துல அப்படி எழுதுவாங்க. விடுங்க."

அப்போது எனக்குப் புரிந்துவிட்டது. பின்னால் இருந்த மூன்று எழுத்து, சேரி என்பதன் சுருக்கம். முன்னால் இருந்தது எங்கள் சாதியின் முதல் எழுத்து. வசை மாதிரி எங்கள் மேல் எறியப்பட்ட பெயர். அதைக் கேட்டு எத்தனை ஊரில் வேலையை விட்டுவிட்டு நடந்திருக்கிறேன் என்று இந்தத் தொடரை வாசிப்பவர்களுக்குத் தெரியும். நான் ஓரிடத்தில் நிலைக்காமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்தப் பெயர்தான் இப்போது எங்களுக்குச் சாட்சி. வேறு யாரும் அந்த இடத்தில் இருந்திருக்க முடியாது என்று அந்த நான்கு எழுத்து சொன்னது.

"ரயில்வே இடம் இல்ல. அது வரைக்கும் நான் எழுதிக் கொடுத்துடுவேன். பட்டாவுக்கு நீங்க தாலுகா ஆபீஸ்லதான் பாக்கணும். ஆனா யாரும் இடிக்க முடியாது" என்றாள் நஸீமா. பிறகு, "அந்தப் பேரை நான் எழுதலண்ணே. குடியிருப்புன்னு போட்டுடறேன்" என்றாள்.

"அப்படியே எழுதுங்க மேடம்" என்றேன்.

சாயங்காலம் பண்ணை வீட்டுச் சின்னவர் காரில் வந்து இறங்கினார். எப்படியோ தகவல் போயிருந்தது. தாளைக் காட்டச் சொன்னார். நஸீமா காட்டினாள். அவர் தாளைத் தம் பக்கம் திருப்பினார். மறுபடி திருப்பினார். எந்தப் பக்கம் திருப்பினாலும் அம்பு அந்தச் சதுரங்கள் இருக்கிற பக்கத்தையே காட்டியது. மண்டபத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, வக்கீலைக் கேட்கிறேன் என்று மட்டும் சொன்னார். என்னை அவர் பார்க்கவே இல்லை. அன்றைக்கு இளநீர் வரவில்லை.

சுண்ணாம்பு

மறுநாள் குறிகளை அழிக்க எனக்கு உத்தரவு. ஒரு வாளியில் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டு தெருமுனையிலிருந்து தொடங்கினேன்.

செய்தி எனக்கு முன்னால் ஓடிவிட்டது. இளவட்டங்கள் பட்டாசு வாங்கப் போனார்கள். பக்கத்து வீட்டுக்காரி, இருந்த ஒரே பெயின்ட்டையும் அழிக்கிறானே பாவி என்றாள். பெரியவர்கள் சிலர் கரைப் பக்கம் போய்க் கல்லைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

அக்கா வாசலில் இல்லை. முறம் கிடந்தது, உளுந்து பாதி புடைத்தபடி இருந்தது. தேடினால் அவளும் கல்லுக்குப் பக்கத்தில்தான் நின்றாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அங்கிருந்து தன் வீட்டை நோக்கி ஒரு பாதத்தை ஒட்டி மறு பாதம் வைத்து நடந்து வந்தாள். சேலையை முழங்கால் வரைக்கும் தூக்கிச் செருகியிருந்தாள். வாய்க்குள் ஏதோ எண்ணினாள். பாதி வழியில் எண்ணுவதை விட்டுவிட்டாள்.

வந்து சுவருக்குப் பக்கத்தில் நின்றாள். அது மேலண்டைச் சுவர், மாமாவுக்குப் பிறகு மறுபடி வைத்தது.

நான் சுண்ணாம்பைத் தோய்த்துக் குறியின் மேல் அடித்தேன். ஈரச் சுண்ணாம்பு மெல்லியது. அடியிலிருந்து சிவப்பு தெரிந்துகொண்டே இருந்தது. நஸீமா சொன்னதையெல்லாம் அவளுக்கு நிதானமாகச் சொன்னேன். தாள், அம்பு, வடக்கு கீழே இருந்தது, சதுரங்கள், அந்தப் பெயர். பெயரைச் சொன்னபோது நான் தயங்கினேன். அவள் தயங்கவில்லை, முழுப் பெயரையும் அவளே சொல்லிவிட்டு, மேலே சொல்லுடா என்றாள்.

சொல்லி முடித்தேன். இனிமேல் கல்லு வச்சே கட்டலாம் அக்கா, யாரும் கேட்க முடியாது என்றேன்.

அவள் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். சுண்ணாம்பு ஈரம் கையில் ஒட்டியது.

"செங்கல்லை விக்கச் சொன்னது நான்தான்டா. அவரு வேணாமுன்னாரு. இருந்தா இருக்கட்டும், ஒரு பக்கமாவது எழுப்பிடறேன்னாரு. நான்தான் ரயிலு வந்தா எல்லாம் போயிடும், வித்துடுங்கன்னு ஒத்தக்கால்ல நின்னேன்."

நான் பிரஷ்ஷைப் பிடித்தபடி நின்றேன். சுண்ணாம்பு முழங்கை வரைக்கும் வழிந்தது. தெருமுனையில் சரவெடி வெடித்தது. கோழிகள் சிதறி ஓடின. அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

"செங்கல்லு எறக்குன அன்னைக்கு, மொதச் சொவத்தை எந்தப் பக்கம் வைக்கலாம்னு கேட்டாரு. மேலண்டையில மொதல்ல வைங்கன்னேன். இந்தப் பக்கந்தான் சாரல் அடிக்கும்" என்றாள்.

பிறகு என்னிடம் கேட்டாள். அழுதுகொண்டு கேட்கவில்லை. அடுத்து எங்கே வேலை என்று கேட்கிற மாதிரி கேட்டாள்.

"இதை அவருகிட்ட யாருடா போயி சொல்றது?"